முகத்துக்கு நேரே ஒரு திகதி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே சாமித்தம்பியின் ஓட்டோ றஸீனா ரீச்சரின் வாசலில் வந்து நின்றது. ஹோர்ன் அடிப்பதில் சாமித்தம்பிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சும்மா வந்தால் ஒரு தரம், விஷயத்தோடு வந்தால் மூன்று தரம். அன்று நான்கு தரம் அடித்தார்.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. ரீச்சருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனாலும் இருவரில் அவசரக்காரர் சாமித்தம்பிதான். ஏறாவூரில் சித்திரம் படிப்பிக்கும் ரீச்சர், முன்னொரு முறை காணாமற்போன பாடசாலை மணியை ஒரு சேற்றுச் செருப்பை வைத்துக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்தச் செருப்பை ஓட்டோவில் ஏற்றி வந்தவர் என்ற ஒரே தகுதியில், ஊரில் எது மறைந்தாலும் அதைத் தேடுவதில் தனக்கும் பங்கு உண்டு என்று சாமித்தம்பி முடிவுகட்டிவிட்டார். ரீச்சரும் அதை மறுக்கவில்லை. மறுத்திருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார்.

"ரீச்சர், இது கோச்சிப்பெட்டி விஷயம்," என்றார், வாசலில் நின்றபடியே.

அந்த ஒரு சொல் போதும் என்று அவருக்குத் தெரியும். கோச்சியின், அதாவது ரயிலின், பழைய சரக்குப் பெட்டிகளில் எழுதியிருப்பவற்றை மெல்லிய தாளில் ஒற்றியெடுப்பதுதான் ரீச்சரின் பைத்தியம். பெட்டியின் இலக்கம், வெறும் பெட்டியின் நிறை, பட்டறையில் கடைசியாகத் திருத்திய மாதமும் வருடமும், எந்தக் காலத்து எழுத்துக்கு எந்த வளைவு, இப்படி ஏழு கொப்பிகளை நிரப்பி வைத்திருந்தார். போன வருடம் பாடசாலை மண்டபத்தில் கண்காட்சியும் வைத்தார். நாற்பது தாள்களையும், வருகிறவர்கள் குனியாமல் பார்க்கட்டும் என்று, முகத்துக்கு நேரே வரிசையாக ஆணியடித்து மாட்டியவர் சாமித்தம்பி.

ஓட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கினார். பெயர் வசந்தாதேவி, கல்குடாப் பக்கம். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் ஒரேயொரு கடிதம்.

"நான் கோச்சிப்பெட்டிக்குள்ளதான் குடியிரிக்கன் ரீச்சர்," என்று தொடங்கினார். "எழுபத்தெட்டுச் சூறாவளியில கவிண்ட பெட்டி. சில்லெல்லாம் கழட்டிப்போட்டு வித்தாங்க. எங்கட அப்பா வாங்கி, லொறியில ஏத்திக் கொண்டந்து எங்கட வளவில இறக்கின. இன்னொரு புயலுக்குப் பயந்து நாலு மூலையையும் கொங்கிறீற்றில இறுக்கினவர். அதாலதான் சுனாமிக்கு வீடு போயும் பெட்டி நிண்டது."

"காணிக்கு உறுதிப் பத்திரம்?" என்று கேட்டார் ரீச்சர்.

"அனுமதிப்பத்திரம் இருந்த. கடல் கொண்டுபோயிட்டு. கந்தோரில இருந்த கோப்பும் சண்டைக்குள்ள எரிஞ்சிட்டாம். இப்ப சண்டை முடிஞ்சு ஹோட்டல் கட்ட ஆக்கள் வரக்குள்ள, வினாயகமூர்த்தி முதலாளி வந்து நிக்கார், அது அவருட மாமாவுட காணியாம். பெட்டிய எண்பத்தெட்டில அவருட மாமாதான் கொண்டந்து வச்சவராம். நாங்க சுனாமிக்குப் பிறகு புகுந்தமாம்." அவர் கடிதத்தை நீட்டினார். "பெட்டியில எண்பத்தாறாம் ஆண்டுத் திகதி இரிக்காம். எண்பத்தாறில பட்டறைக்குப் போன பெட்டி எழுபத்தெட்டில எப்பிடி இஞ்ச வரும் எண்டு கேக்கார். போய்ப் பார்த்தன் ரீச்சர். திகதி இரிக்கி."

"முன்னம் நீங்க காணல்லியா?"

"அது பெட்டிக்குப் பின்பக்கம். முள்ளுப் பத்தை. நான் அங்கால போறல்ல. திங்கட்கிழமை காணிக் கந்தோரில இருந்து பார்க்க வாறாங்க. மறுகா என்னை எழும்பச் சொல்லுவாங்க."

சாமித்தம்பிக்கு அப்போதே இரத்தம் கொதித்தது. "கள்ள எழுத்து ரீச்சர். எழுத்தப் பார்த்தாலே நீங்க பிடிச்சிருவீங்க."

"பார்த்திட்டுச் சொல்லுவம்," என்று ரீச்சர் ஏழு கொப்பிகளையும் பையில் போட்டார்.

*

பெட்டி கடலுக்கு இருநூறு மீற்றர் இப்பால் நின்றது. இரும்புச் சட்டத்தில் தேக்குப் பலகை அடித்த பழைய காலத்துப் பெட்டி. முன்பக்கத்து இழுவைக் கதவடியில் மண்ணை வெட்டி ஒதுக்கி ஒரு பள்ளம் செய்திருந்தார்கள். அவசரமாக உள்ளே நுழைந்த சாமித்தம்பி, கதவின் மேற்சட்டத்தில் தலையை நன்றாகவே முட்டிக்கொண்டார்.

"எல்லாரும் முட்டுறதான்," என்றார் வசந்தாதேவி. "முன்னம் ரெண்டு படி ஏறித்தான் உள்ளுக்குப் போவம். கடல் வந்து மண்ணை அள்ளிக் கொட்டினதில இப்ப இறங்கிப் போறம்."

உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, இரண்டு படங்கள். ஒன்று அவர் கணவர். மற்றது ஐந்து வயதுச் சிறுமி, அடையாள அட்டைக்கு எடுத்ததுபோல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிருசிகா," என்றார் வசந்தாதேவி. "சுனாமி வந்த அண்டைக்குக் கரைவலை பார்க்க அப்பாவோட போனவள். ரெண்டு பேரும் வரல்ல." கதவுப் பலகையைத் தடவினார். "அவள் இலக்கம் பழகினதே இந்தப் பெட்டியில ரீச்சர். ஆணிய எடுத்து, பெட்டியில இரிக்கிறதப் பார்த்துப் பார்த்துக் கதவில கீறுவாள். மூண்டாம் இலக்கத்த மட்டும் எப்பவும் மறுபக்கமாத்தான் எழுதுவாள். பலகை பழுதாப்போகுது எண்டு ஒரு நாள் அடிச்சிட்டன். கீறினதையும் தேச்சு அழிச்சிட்டன். அதோட கீறுறத விட்டிட்டாள். அத அழிக்காம விட்டிருந்தா, என்ட புள்ள எழுதின எழுத்தெண்டு ஒண்டாவது மிஞ்சியிருக்கும்."

சாமித்தம்பி தலையைத் தடவுவதை நிறுத்திக்கொண்டார். ரீச்சர் வசந்தாதேவியின் கையைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு, "பின்பக்கம் பார்ப்பமா," என்று எழுந்தார்.

பின்பக்கத்தில் முள்ளும் அடம்பன்கொடியும் மண்டிக் கிடந்தன. பலகையில் வெள்ளை எழுத்தில் 7-86 என்று இருந்தது. சாமித்தம்பி நின்ற இடத்தில் நின்றபடியே அதை வாசித்தார். மோந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். புதுப் பெயின்ற் வாசம் எதுவும் இல்லை. உப்புக்காற்று பட்ட பழைய எழுத்துப் போலத்தான் இருந்தது.

ரீச்சர் அதைத் தாளில் ஒற்றி, நான்காம் கொப்பியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வளைவு, தடிப்பு, இலக்கம் வெட்டிய அச்சுத்தகடு விடும் சிறு இடைவெளி எல்லாம் பொருந்தின. எட்டின் கீழ்வளையத்தில் மட்டும் ஒரு சிறு முறிவு. அதில் அவருடைய விரல் கொஞ்சம் கூடுதலாக நின்றது.

"எழுத்து சரியான எழுத்துத்தான்," என்றார்.

வசந்தாதேவியின் முகம் செத்துப்போயிற்று. சாமித்தம்பிக்கு ரீச்சர்மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. பொய் சொல்லத் தெரியாதவர்களோடு துப்பறியப் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

ரீச்சர் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து கொடியை விலக்கிக்கொண்டிருந்தார். பெட்டியின் நடுவில், மணலோடு மணலாக, பெரிய வெள்ளை இலக்கங்களின் மேற்பாதி மட்டும் தெரிந்தது. பெட்டியின் சொந்த இலக்கம். கீழ்ப்பாதி மண்ணுக்குள் இருந்தது.

திரும்பும் வழியில் ஏறாவூர் ஸ்டேஷனடியில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். பக்கப்பாதையில் பழைய சரக்குப் பெட்டிகள் சில, சில்லுகளோடு புல்லுக்குள் நின்றன.

"சாமித்தம்பி அண்ணன், இதில திருத்தின திகதி எங்க இரிக்கி? தொட்டுக் காட்டுங்க."

அவர் பெட்டியின் கீழ்விளிம்பை ஒட்டியிருந்த எழுத்தில் கையை வைத்தார். கை நெஞ்சு உயரத்துக்குமேல் போகவில்லை.

"மற்றதில?"

மற்றதிலும் அப்படித்தான். மூன்றாவது பெட்டியில் 7-86 என்றே இருந்தது. ரீச்சர் அதன்முன் வெகுநேரம் நின்றார்.

"சரி, போவம்," என்றார்.

"என்ன சரி?" சாமித்தம்பியால் பொறுக்க முடியவில்லை.

"உங்கட ஓட்டோவுக்கு நம்பர் எழுதினவன் நிண்டு எழுதினானா, குந்தி எழுதினானா?"

"குந்தித்தான். ஓட்டோ பதிவாத்தானே இரிக்கி."

"அதுதான்," என்று ரீச்சர் ஏறி உட்கார்ந்தார். அதுதான் எது என்று சாமித்தம்பிக்கு ஞாயிறு முழுவதும் விளங்கவில்லை. இரவுச் சோறும் சரியாக இறங்கவில்லை.

*

திங்கட்கிழமை பத்து மணிக்குக் காணி உத்தியோகத்தர் கண்ணகை வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. பின்னாலேயே வெள்ளை வானில் வினாயகமூர்த்தி வந்து இறங்கினார். முப்பத்திரண்டு வயது, சிரித்த முகம். ரீச்சரைக் கண்டதும் சிரிப்பு இன்னும் அகன்றது.

"ரீச்சரா? உங்கட கண்காட்சிக்கு வந்தனே, நினைவிருக்கா? மெடம், இவங்களவிட இந்த எழுத்தத் தெரிஞ்ச ஆள் இஞ்ச இல்ல. இவங்களே சொல்லட்டும்."

எல்லாரும் பெட்டியின் பின்னால் போய் நின்றார்கள். ரீச்சர் அவசரப்படவில்லை.

"முதலாளி, இந்தத் திகதிய நீங்க முதல்ல எப்ப கண்ட?"

"எண்பத்தெட்டில. மாமா பெட்டிய இஞ்ச இறக்கின அண்டைக்கு. எனக்குப் பத்து வயசு. இதே இடத்தில நிண்டு, முகத்துக்கு நேர வச்சு வாசிச்சன். இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது."

"முகத்துக்கு நேர?"

"ஓம். எழுத்து சரிதானே ரீச்சர்?"

"எழுத்தில ஒரு பிழையும் இல்ல," என்றார் ரீச்சர். வசந்தாதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எழுதின இடந்தான் பிழை."

உத்தியோகத்தர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"மெடம், பட்டறையில திகதி எழுதுற ஆள் நிலத்தில நிண்டு எழுதுவான். பெட்டி சில்லில நிக்கும். பெட்டியின்ட அடிவிளிம்பே நிலத்தில இருந்து நாலடி உயரம். கை எட்டுற இடம் அந்த விளிம்புக்குக் கிட்டத்தான். அதாலதான் அடிக்கடி மாத்துற திகதிய அங்க எழுதுவாங்க. நான் ஒற்றியெடுத்த நாற்பதில ஒண்டுகூட வேற இடத்தில இல்ல. சாமித்தம்பி அண்ணன் சனிக்கிழமை தொட்டே பார்த்தவர்."

சாமித்தம்பி, தான் கண்டுபிடித்ததைப் போலவே தலையாட்டினார்.

"இந்தத் திகதி இப்ப மண்ணில இருந்து அஞ்சடி. ஆனா பெட்டி ரெண்டடி மண்ணுக்குள்ள புதைஞ்சு நிக்குது. அப்ப அடிவிளிம்பில இருந்து ஏழடி. சில்லோட நிண்ட காலத்தில நிலத்தில இருந்து பதினொரு அடி."

"ஏணி வச்சுத்தான் எழுதோணும்," என்றார் சாமித்தம்பி. இரண்டு நாளாக அடைத்துக் கிடந்தது அப்போதுதான் திறந்தது. "ஓட்டோவுக்குக் குந்தி எழுதுறான். கோச்சிக்கு நிண்டு எழுதுவான். இது நிலத்தில இறக்கின பெட்டிக்கு முன்னால நிண்டவன் எழுதினது."

"நிலத்தில இறக்கின பெட்டிக்கு மட்டுமில்ல," என்றார் ரீச்சர். "சுனாமி மண்ணுக்கு மேல நிண்டவன் எழுதினது. எண்பத்தெட்டில இந்த ரெண்டடி மண் இஞ்ச இல்ல. வசந்தாதேவி அக்கா ரெண்டு படி ஏறி உள்ளுக்குப் போன காலம் அது. அண்டைக்கு இந்தத் திகதி இருந்திருந்தா, நிலத்தில இருந்து ஏழடியில, பத்து வயசுப் பொடியன்ட தலைக்கு மேல இருந்திருக்கும். முகத்துக்கு நேர வராது, முதலாளி."

வினாயகமூர்த்தியின் சிரிப்பு முகத்தில் இருந்தது. ஆனால் அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"சின்ன வயசு நினைவு. பிசகியிருக்கும். அதுக்காக நான் எழுதினன் எண்டு ஆகுமா? இப்பிடி எழுத எனக்கெங்க தெரியும்?"

"என்ட கண்காட்சியில படிச்ச." ரீச்சரின் குரல் உயரவில்லை. ஆனால் அதில் வருத்தம் இருந்தது. "ஏறாவூரில நிக்கிற ஒரு பெட்டியில 7-86 இரிக்கி. அதில எட்டின்ட கீழ்வளையத்தில பெயின்ற் கழண்டு ஒரு முறிவு. அது அந்தப் பெட்டிக்கு நேர்ந்த பழுது, அச்சுத்தகட்டில இல்ல. என்ட தாளில அந்த முறிவும் வந்திரிக்கி. இஞ்சயும் அதே முறிவு அப்படியே இரிக்கி. பழுதையும் சேர்த்துப் பார்த்தெழுதிட்டீங்க. உப்புக்காத்து பட்டதில அது கெதியாப் பழசாயிட்டு. கண்காட்சிக்கு வந்தவங்களில எல்லாத் தாளையும் போனில படமெடுத்தவர் நீங்க ஒராள்தான். நான் அண்டைக்குச் சந்தோசப்பட்டன்."

அதற்குள் சாமித்தம்பிக்கு வேறொன்று உறைத்தது. அந்தத் தாள்களை மாட்டியவர் அவர்தான். வருகிறவர்கள் குனியாமல் பார்க்கட்டும் என்று, முகத்துக்கு நேரே. சில்லோடு நிற்கும் பெட்டியை ஒருநாளும் கிட்டப்போய்ப் பாராத மனிதர், சுவரில் மாட்டியிருந்த உயரத்தையே எழுத்தின் உயரம் என்று எடுத்துக்கொண்டார். தன் ஆணி ஒரு கள்ளனைப் பிடித்துத்தந்தது என்று மகிழ்வதா, தன் ஆணியே ஒரு கள்ளனுக்குப் பாடம் சொன்னது என்று வெட்கப்படுவதா என்று அவர் குழம்பினார். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார்.

உத்தியோகத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது பொய்த் திகதி எண்டா, உண்மையான திகதி எங்க?"

"நீங்க மிதிச்சுக்கொண்டு நிக்கிற இடத்தில, மெடம்."

சாமித்தம்பி மண்வெட்டியைத் தூக்கிவிட்டார். அடம்பன்கொடியின் வேர் தடித்துப் பின்னிக் கிடந்தது. அதை வெட்ட வெட்ட, சிப்பித்தூளும் வலைத்துண்டும் உடைந்த ஓடும் கலந்த மண் அடுக்கடுக்காக வந்தது. பெட்டி இலக்கத்தின் கீழ்ப்பாதி முதலில் வெளிப்பட்டது. இன்னும் ஓரடி போனதும், இடது மூலையில், அடிவிளிம்பை ஒட்டி, மங்கிய வெள்ளையில் ஒரு திகதி. 3-77.

"இது பெட்டி எப்ப இஞ்ச வந்தது எண்டு சொல்லாது," என்றார் ரீச்சர். "ஆனா எழுபத்தேழு மூண்டாம் மாதத்துக்குப் பிறகு இது பட்டறைக்குப் போகல்ல. அடுத்த வருசச் சூறாவளியில கவிண்ட பெட்டி போகவும் மாட்டாது."

"இவங்களே எழுதிப் புதைச்சிருக்கலாம்தானே," என்றார் வினாயகமூர்த்தி. குரலில் பழைய தெம்பு இல்லை.

உத்தியோகத்தர் குனிந்து, வெட்டிய வேர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நான் பார்த்துக்கொண்டு நிக்கத்தான் வெட்டின. இந்த மண்ணைச் சுனாமிக்குப் பிறகு ஒருத்தரும் கிளறயில்ல."

ரீச்சர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. குழிக்குள் இறங்கி, முழங்காலில் நின்று, திகதிக்குக் கீழே ஒட்டியிருந்த ஈரமண்ணை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே நிறுத்தினார்.

"அக்கா, இஞ்ச வாங்க."

பலகையில் ஆணியால் கீறிய கோடுகள் இருந்தன. இரண்டு ஏழுகள், கோணலாக. அவற்றுக்குமுன் ஒரு சிறு கோடு. அதற்கும் முன்னால் ஒரு மூன்று. மறுபக்கம் பார்த்திருந்தது. கீழே இன்னொரு வரி, அதிலும் அதே மூன்று. அதற்கும் கீழே இன்னொன்று.

வசந்தாதேவி குழிக்குள் உட்கார்ந்துவிட்டார். கீறல்களைத் தொடப் போன கை, தொடாமல் வெகுநேரம் நின்றது.

"அடிச்ச பிறகு விட்டிட்டாள் எண்டு நினைச்சன்," என்றார். "விடல்ல. நான் வராத பக்கமாப் பார்த்து வந்திரிக்காள்."

அழுதார். அழுகைக்கு நடுவில் சிரித்தார். சாமித்தம்பி மண்வெட்டியில் சாய்ந்து கடலைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினார். யாராவது கேட்டால் தூசி என்று சொல்வதற்கு ஆயத்தமாக இருந்தார். யாரும் கேட்கவில்லை. வினாயகமூர்த்தியின் வான் புறப்படும் சத்தம் கேட்டது. அவரை யாரும் தடுக்கவில்லை. உத்தியோகத்தர் மட்டும் அந்த நேரத்தையும் கோப்பில் குறித்துக்கொண்டார்.

"அம்மா," என்றார் அவர், கோப்பை மூடும்போது. "புதன்கிழமைக் காணிக் கச்சேரி விசாரணைக்கு வாங்க. நான் பார்த்ததை எல்லாம் எழுதுறன். பயப்படாதீங்க." அதைவிடக் கூடுதலாகச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. அதுவே போதுமாக இருந்தது.

அவர் போன பிறகு சாமித்தம்பி பழக்கதோஷத்தில் குழியை மூட மண்ணை அள்ளினார்.

"மூடாதீங்க அண்ணன்," என்றார் வசந்தாதேவி.

ரீச்சர் பையிலிருந்து மெல்லிய தாளை எடுத்தார். எடுத்தவர், வசந்தாதேவி தலையசைக்கும்வரை காத்திருந்தார். இரண்டு தாள்களில் ஒற்றினார். ஒன்றை எட்டாம் கொப்பியின் முதற்பக்கத்தில் வைத்து, பட்டறையின் திகதிக்குக் கீழே, எழுதியவர் கிருசிகா, வயது ஐந்து, என்று குறித்துக்கொண்டார். மற்றதை வசந்தாதேவியிடம் கொடுத்தார்.

பெட்டிக்குள் அதை மாட்ட ஆணியும் சுத்தியலும் சாமித்தம்பியின் ஓட்டோவிலேயே இருந்தன. இம்முறை தலையை முட்டாமல் குனிந்து உள்ளே போனார். தாளைச் சுவரோடு பிடித்து, தன் வழக்கப்படி உயர்த்தினார்.

"இந்த உயரம் காணுமா தங்கச்சி? முகத்துக்கு நேர இரிக்கி."

"அங்க வேணாம்," என்றார் வசந்தாதேவி. பலகையில், தன் இடுப்பளவில், ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "அவளுட முகத்துக்கு நேர அடிங்க."

சாமித்தம்பி முழங்காலில் நின்று ஆணியை அடித்தார்.